ஏழும் நாலும்

வியாழன் இரவு, குன்றின் மேலிருக்கும் பள்ளியில் கூட்டம்.
வெள்ளரி வைத்த சாண்ட்விச், சர்க்கரையில்லாத ரூயிபோஸ்,
சுவர் நிறைய நூறு வருடத்துக் கேப்டன்கள்.
ஹாரிங்டன் 'எதிர்காலம்' என்றார், ஒன்பது தடவை.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
கணக்கு டீச்சர், வேறென்ன செய்ய.

திரையில் வரைபடம் விழுந்தது.
நான்கு பெரிய பள்ளிகள் நீல வட்டத்துக்குள் போயின.
அவர்களுக்குச் செயற்கைப் புல் உண்டு, இரவு விளக்கு உண்டு,
மட்டை செய்யும் கம்பெனியின் காசு உண்டு.
அவர்கள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு
இன்னும் மூன்று போயின.
மிச்சம் நாலு.
நாலு பேரை வைத்து லீக் நடத்த முடியாது,
பாடை தூக்கலாம்.

அந்த நாலிலும்
எங்கள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.
அச்சுப்பிழை என்று நினைத்தேன்.
இல்லையாம்.

தென்கடற்கரை லீக்கில் சேரலாம் என்றார்கள்.
போர்ட் ஷெப்ஸ்டோனுக்குப் போக மட்டும்
நூறு கிலோமீட்டருக்கு மேல்,
டீசல் எங்களுடையது.
அல்லது இணை உறுப்பினராக இருக்கலாம்.
ஆடலாம், கை தூக்கக் கூடாது.
பந்தியில் உட்காரவைத்துவிட்டு
இலை போடாமல் அடுத்தவரிடம் நகர்கிறவரை
என்னவென்று கேட்பது?
சாப்பிட்டாச்சா என்று அவரே கேட்கிறார்.

பிரின்ஸிபால் கோவிந்தர் ஒரு வார்த்தை பேசவில்லை.
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
திரும்பும்போது காரில்
ஆயில் மாற்றவேண்டும் என்றார்.
காகித ஆலை வாடை வந்ததும் கண்ணாடியை ஏற்றினார்.
மெர்பேங்க் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை பயிற்சி.
எங்கள் மைதானத்தில் நிஜப் புல்,
நிஜ எலிவளை,
கோல் கட்டத்துக்குள் நடந்து புழு தேடும்
நாலைந்து ஹடேடாப் பறவைகள்,
ஊதலுக்கும் அசையாதவை.
கால் காப்பை டேப் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்
கோல்கீப்பர் தேஷனி.
குமரேஷ்னி கேட்டாள்:
"சனிக்கிழமை யாரோட, மிஸ்?"
கொன்னைக்குப் பதில் தெரியாத வகுப்பு மாதிரி
நான் ஷூ லேஸைப் பார்த்தேன்.

நோம்வூலாதான் பயிற்சியாளர்.
தினமும் ஊம்லாஸியிலிருந்து டாக்ஸியில் வருகிறாள்.
வரைபடத்தை வாங்கி
பெஞ்சில் விரித்து, காற்றுக்கு நாலு பந்தை வைத்து,
விரலால் தேடினாள்.
"எங்கள் தெருப் பள்ளி எதில் இருக்கிறது?"

எதிலும் இல்லை.
நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்,
நாலு கிலோமீட்டர்,
வெறும் வெள்ளைத் தாள்.
முன்பு படம் வரைந்தவர்களும்
அங்கே வெள்ளையாகத்தான் விட்டார்கள்.
அவர்களைத் திட்ட வாய் திறந்தேன்.
இருபத்திரண்டு வருடமாக
இந்த லீக்கின் அட்டவணையை நான்தான் ஒட்டுகிறேன்,
பலகையில், நாலு மூலையும் பின் குத்தி.
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அவளே போன் போட்டாள்.
ஜுலுவில் நீளமாகப் பேசினாள், நடுவில் சிரித்தாள்.
பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம்:
"நாளைக்கு மூன்று மணிக்கு வருகிறார்களாம்.
பதினோரு பிள்ளைகள்.
மட்டை ஏழுதான் இருக்கிறதாம்."

கடிதத்துக்குத் திங்கட்கிழமை பதில் தரவேண்டும்.
போர்ட் ஷெப்ஸ்டோனா, இலையில்லாத பந்தியா,
கோவிந்தர் இன்னும் மூடியைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.
கேள்விக்குறி இருந்த இடத்திலேயே இருக்கிறது,
கொக்கி போல,
எதையாவது மாட்டிவைக்கலாம் என்பதுபோல.

சாமான் அறையில் தேஷனி
யாரும் சொல்லாமலே
எங்கள் மட்டைகளில் நாலைத் தனியே எடுத்துச் சாய்த்து வைத்தாள்.
ஒன்று கைப்பிடி பிரிந்தது,
ஒன்று விரிசல்,
மற்ற இரண்டும் சுமார்.

அவள் போனபிறகு
அதில் இரண்டை மாற்றி வைத்தேன்.